பாட்டன் பிறந்த ஊர்: பிரஜாவுரிமைக் கோப்புகளும் மலையகக் குடும்ப வரலாறும்



யார் நினைவாக ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்த ஆசிரியர், இலங்கை மலையகத்தில் தோட்டப் பள்ளியில் பாடம் சொன்னவர். பள்ளி விட்டதும் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகப் போய், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிரஜாவுரிமை, அதாவது குடியுரிமை, மனு எழுதிக் கொடுப்பார் என்று அவருடைய மகள் என்னிடம் சொன்னார். அதனால் அந்த மனுக்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எதிரில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளிக்கு ஒரு நாடு கிடைக்க வேண்டும் என்பதற்காக அவர் எழுதினார். 70 ஆண்டுகள் கழித்து, அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் அதே மனுவை வேறொரு காரணத்துக்காகத் தேடுகிறார்கள். நாம் எந்த ஊர்? தாத்தாவின் அப்பா பெயர் என்ன? எந்த வருஷம் கடல் தாண்டினார்கள்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று பெரும்பாலோருக்குக் குடியுரிமையை மறுப்பதில் போய் முடிந்த அந்தக் கோப்புகள்தான் இன்று மலையகத் தமிழருடைய குடும்ப வரலாற்றுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய எழுத்துச் சான்று. அவை அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தமானவை.

கடல் கடந்த தமிழர் எல்லாருக்கும் முன்னோரைத் தேடும் வழி ஒன்றாக இல்லை. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,000 பேருக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா, உடம்பில் உள்ள அங்க அடையாளம் வரை எழுதி வைத்தார்கள். கூலிக்கு ஆள் பிடித்த அரசு தன் கணக்குக்காக எழுதியது அது. ஆனாலும் இன்று தென்னாப்பிரிக்காவில் ஐந்தாம் தலைமுறைப் பெண் ஒருத்தி அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தன் முன்னோர் ஊருக்கு வந்து நிற்க முடிகிறது.

இலங்கைக்குப் போனவர்களுக்கு அப்படி ஒரு பேரேடு கிடையாது. அங்கே நடந்தது ஒப்பந்த முறை இல்லை, கங்காணி முறை. 1820களில் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட பிறகு பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் தன் ஊருக்கே வருவார். பங்காளி, மாமன், மச்சான், பக்கத்துத் தெருக்காரர் என்று சொல்லி அழைத்து, கையில் முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வந்தவர்கள், போனவர்கள் என்று தலைகளை எண்ணி அறிக்கை எழுதினார்களே தவிர, ஆள் ஆளாகப் பெயர் எழுதி நாம் படிக்கும்படி வைக்கவில்லை.

இருந்த எழுத்தெல்லாம் கடனைச் சுற்றியே இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் தோட்ட நிர்வாகியான துரையிடம் துண்டு வாங்க வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, கட்டினால் விடுகிறோம் என்று சொல்லும் சீட்டு அது. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அடித்த சின்னத் தகரத் தகடு. கரையிலிருந்து தோட்டம் வரை அந்த ஆளை ஒரு சரக்குப் போலக் கொண்டு சேர்த்தது அந்த எண். அந்தத் தகட்டிலும் பெயர் இல்லை.

இந்த நிலையில்தான் 1948 வந்தது. இலங்கை விடுதலை பெற்ற அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் என்ன கேட்டது என்று பாருங்கள். அந்த நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை ஆக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். உலகத்தில் வசதியுள்ளவர்கள் ஓய்வுக் காலத்தில் விரும்பிச் செய்யும் வம்சாவளித் தேடலை, காலை ஆறு மணிக்கு வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டிய தொழிலாளிக்குச் சட்டம் கட்டாயமாக்கியது. தோட்டத்துப் பிறப்புகள் பல பதியப்பட்டதே இல்லை. பாட்டன் பிறந்ததற்கு யார் சான்று தருவார்கள்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த சில ஆண்டுகளுக்குள் வாக்குரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் சி.வி. வேலுப்பிள்ளை. நாடற்றவர் கதை என்று பின்னாளில் அவர் எழுதிய நூலின் தலைப்பே அந்தக் காலத்தைச் சொல்லும்.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. நமக்கு முக்கியமான கோப்புகள் இந்தச் சட்டத்தின் கீழ் உருவானவை. 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவரும் துணையை இழந்தவரும் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததைக் காட்ட வேண்டும். ஒரு தடவை ஊருக்குப் போனது 12 மாதத்தைத் தாண்டினால் தொடர்ச்சி அறுந்தது. மனைவியும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போன பெண், பிள்ளை தவழும் வரை இருந்துவிட்டு வந்தால், கணவனுடைய மனுவும் சிக்கலில் மாட்டும். மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம். சுமார் 8,25,000 பேருக்காக 2,37,000 மனுக்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டும்.

கிடைக்காதவர்களின் வேதனையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். அந்த 2,37,000 மனுக்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

கோத்தகிரிப் பக்கம் குடியிருக்கும் ஒரு குடும்பத்தார் தங்கள் தாத்தாவின் மனுவுக்கும் விசாரணைக்கும் உரிய நகலைக் காட்டினார்கள். தாள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டித் தைத்தது போல் இருக்கிறது. மனுதாரர் மனைவியை இழந்தவர், ஆகவே பத்து ஆண்டுக் கணக்கு. எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை எந்தத் தோட்டம் என்று நான்கு தோட்டங்களின் பெயர் வரிசையாக இருக்கிறது. தகப்பனார் பெயர், அவர் பிறந்த ஊர், முசிறி தாலுகா. 1937இல் தங்கை கல்யாணத்துக்காக ஊர் போய் ஐந்து மாதம் இருந்தது. பிள்ளைகள் மூவர், வயதோடு. விசாரணை அதிகாரி கேட்டதற்குப் பதிலாக ஒரு வரி: மனைவியின் பெயர், அவர் இறந்தது எந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், எந்தப் பிரசவத்தில். கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. மூன்று ஆண்டுகளுக்கான செக்ரோல், அதாவது தோட்டத்தின் அன்றாட வேலைப் பதிவேடு, பழைய தோட்டத்தில் கிடைக்கவில்லை என்பதால் மனு தள்ளுபடி. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பாட்டியின் பெயர் தெரிந்திருக்கவில்லை. பேத்திகள் அந்த வரியை வாசித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அவர் வாழ்ந்ததற்கு அந்தக் குடும்பத்திடம் உள்ள ஒரே எழுத்து அதுதான்.

பெண்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் தந்தைவழியை மட்டுமே பார்த்தது. இலங்கையில் தாய்வழியாகவும் குடியுரிமை பெறலாம் என்று திருத்தம் வந்ததே 2003இல்தான். ஆகவே கோப்புகளில் பாட்டனும் பூட்டனும் முன்னால் நிற்பார்கள்; பாட்டிமார் இன்னாருடைய மனைவி என்று ஓரத்தில் வருவார்கள். ஆனால் தோட்டத்தின் செக்ரோல் வேறு மாதிரி. கொழுந்து எடுத்தது பெண்கள். அவர்களுக்குத் தனிப் பேர், தனிக் கணக்கு. சட்டம் கணக்கில் எடுக்காத பெண்ணைச் செக்ரோல் நாள் தவறாமல் எழுதியிருக்கிறது. தாய்வழியைத் தேடுகிறவர்கள் மனுவோடு நிற்காமல் செக்ரோல் நகல், தோட்டப் பள்ளிப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, பெயர்கள். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர்தான் முன்னெழுத்து. ஒரு தோட்டத்தில் ஆறு ராமசாமி, எட்டு மாரியாயி இருப்பார்கள். கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதை, பிறகு ஒரு குமாஸ்தா திரும்பத் தமிழில் எழுதியிருப்பார். வீட்டில் கருப்பாயி, பேர்ப்பதிவில் வேறு பெயர் என்பதும் சாதாரணம். அதனால் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். தந்தை பெயர், தோட்டம், பெரிய கங்காணியின் பெயர், டிவிஷன் ஆகிய நான்கும் சேர்ந்து பொருந்தினால்தான் அது உங்கள் ஆள்.

தோட்டப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும், தொழிலாளர் சொல்லும் தமிழ்ப் பெயர் முற்றிலும் வேறாக இருக்கும். பாட்டி சொன்ன தோட்டத்தை வரைபடத்தில் தேடிக் காணாமல் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். பழைய பெர்குசன் டைரக்டரிகளில் தோட்டங்களின் தமிழ்ப் பெயரும் தரப்பட்டிருக்கிறது. பாட்டியின் பேச்சுக்கும் அரசாங்கத் தாளுக்கும் நடுவில் பாலம் அதுதான்.

சொந்த ஊரைத் தேடும்போது ஜில்லாவைப் பழைய கணக்கில் பார்க்க வேண்டும். கோப்பில் திருச்சி ஜில்லா என்றிருந்தால் அது இன்றைய பெரம்பலூராகவோ கரூராகவோ அரியலூராகவோ இருக்கலாம். சேலம் என்றிருப்பது 1965க்குப் பிறகு தருமபுரியாக ஆகியிருக்கலாம். ராமநாதபுரம் என்றிருப்பது 1985க்குப் பிறகு சிவகங்கையாகவோ விருதுநகராகவோ ஆகியிருக்கலாம். புதுக்கோட்டை சமஸ்தானம் என்று எழுதியிருந்தால் அது 1948க்கு முந்திய கணக்கு. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974இல்.

மனு தள்ளுபடியானவர்களின் கதை அதோடு முடியவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் நாள், இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கு இடையே சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு ஏழு பேர் போனால் இலங்கையில் நால்வருக்குப் பிரஜாவுரிமை என்ற விகிதம். சம்பந்தப்பட்ட மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் செய்த பங்கீடு இது. அண்ணன் இந்தியாவுக்கு மனுப் போட்டார், தம்பி இலங்கைக்குப் போட்டார். தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னதில் மிகை எதுவும் இல்லை.

இந்த இரண்டாம் கட்டம் இன்னொரு அடுக்கு ஆவணத்தை உண்டாக்கியது. இந்தியக் கடவுச்சீட்டு, கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை, தாயகம் திரும்பியோர் வந்து தங்கிய மண்டபம் முகாமின் பதிவு, பிறகு மறுவாழ்வு உதவிக்கான தாள்கள். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கோ, கேரளத்துப் புனலூர் ரப்பர் தோட்டத்துக்கோ, கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்துக்கோ, நூற்பாலைக்கோ அனுப்பப்பட்ட குடும்பம் எதுவானாலும் இந்தத் தாள்களில் ஒன்றாவது வீட்டில் இருக்கக்கூடும். வருஷம் தெரியவில்லை என்றால் பெரியவர்களிடம் எந்தக் கரையில் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். தனுஷ்கோடி என்றால் 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன். ராமேஸ்வரம், ராமானுஜம் கப்பல் என்றால் அதற்குப் பின், இலங்கைப் போர் காரணமாக 1984இல் கப்பல் நின்றுபோவதற்கு முன்.

கோப்பில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. வயது பெரும்பாலும் உத்தேசம். தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாதே என்று ஊர்ப் பயணத்தை மறைத்தவர்கள் இருப்பார்கள். செக்ரோலில் ஒருவர் பெயரில் இன்னொருவர் வேலை செய்திருப்பார். சொந்தக் கிராமத்துக்குப் பதிலாக அருகில் இருந்த பெரிய ஊரைச் சொல்லியிருப்பார். இதற்காக அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. தன்னால் தர முடியாத சான்றைக் கேட்ட சட்டத்துக்கு முன் ஓர் ஏழை தன் பிள்ளைகளுக்காகச் சொன்ன பதில் அது. ஆய்வு செய்கிறவர் ஒரு தாளை இன்னொரு தாளோடும், இரண்டையும் வீட்டுப் பெரியவர் நினைவோடும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவுக்கு வர வேண்டும்.

மறுப்புக் கோப்பு வரலாற்றுச் சான்றாக மாறுவது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவில் 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பறிக்க அரசு வழக்குத் தொடுத்தது. அந்த வழக்குக் கட்டுகளில்தான் அங்கே குடியேறிய முதல் தலைமுறை இந்தியர்களின் வாழ்க்கையை இன்று வாசிக்கிறோம். 1906 முதல் ஒரே மாதிரிப் படிவத்தில் நாடு முழுதும் சேர்ந்த குடியுரிமைக் கோப்புகளை வாரிசுகள் கட்டணம் கட்டிக் கேட்டுப் பெற, 2008இல் அந்த நாட்டு அரசு தனித் திட்டமே தொடங்கியது. இலங்கையும் இந்தியாவும் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்தி. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் குடியுரிமை தந்தது. சில நாட்களிலேயே சுமார் 1,90,000 பேர் அதைப் பெற்றார்கள். ஆனால் இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்த மலையகக் குடும்பங்கள் பல இன்னும் நாடற்றே இருக்கின்றன. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அவர்களுக்குப் பாட்டன் பிறந்த ஊர் வெறும் ஆர்வத்துக்கான கேள்வி இல்லை. தாத்தாவின் பழைய மனுவில் உள்ள முசிறி தாலுகா என்ற இரண்டு சொல், பேரனுடைய விண்ணப்பத்துக்கு வலுவான ஆதாரம்.

ஆகவே என் வேண்டுகோள்கள். இங்கே வந்திருக்கும் தாயகம் திரும்பிய குடும்பத்தாரே, டிரங்குப் பெட்டியில் உள்ள பழைய தாள் எதையும் எரிக்காதீர்கள், பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள். முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். ஓரத்தில் உள்ள கோப்பு எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். தாள் தொலைந்தாலும் அந்த எண் கோப்பைத் தேட உதவும். பிளாஸ்டிக் ஒட்டி லேமினேட் செய்யாதீர்கள், பழைய தாள் உள்ளேயே கெட்டுப்போகும். 80 வயதைத் தாண்டியவர் வீட்டில் இருந்தால் தோட்டம், டிவிஷன், கங்காணி, குலதெய்வம் இருந்த ஊர் ஆகியவற்றைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மலையக ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகளிடம் ஒரு நகல் சேர்ந்தால் நல்லது.

இரண்டு அரசுகளையும் நான் கேட்பது இதுதான். 1949 சட்டத்தின் மனுக்களும், 1964 ஒப்பந்தத்தின் கீழ் வந்த விண்ணப்பங்களும், மண்டபம் முகாமின் பேரேடுகளும் எங்கெங்கே என்ன நிலையில் இருக்கின்றன என்று பட்டியல் வெளியிடுங்கள். ஒரு கட்டைக்கூட அழிக்க அனுமதிக்காதீர்கள். கொழும்பில் உள்ள தேசிய சுவடிக்கூடமும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் சேர்ந்து பெயர் அட்டவணை ஒன்று தயாரிக்கட்டும். சாதி, நோய் போன்ற விவரங்களைக் காப்பதற்குத் தக்க விதி வையுங்கள்; அதைக் காரணம் காட்டிக் கதவை மூடாதீர்கள். தன் தாத்தாவின் கோப்பைக் கேட்டு வரும் பேரன் பேத்திக்கு, சான்று காட்டினால் முழு நகல் கொடுங்கள். அந்தத் தாள்களை எழுதியவர்களில் ஒருவரின் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அவை, இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி இரண்டு அரசுகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.